மாட்டு மெஷினுக்கு மழைச்சட்டை

குந்தாரப்பள்ளிச் சந்தையில் அன்றைக்கு நானும் அத்தையும் இருந்தோம். எங்களைக் கூட்டிப்போன குட்டி யானை வண்டியின் டிரைவர் இருந்தார். ஒரு தரகர் இருந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து நான்கைந்து மாடுகளோடு வந்திருந்த ஒரு வியாபாரி இருந்தார். மாமா இல்லை. முதல் ஷிப்ட், லீவு போட்டால் அந்த மாத வருகைப் படி போய்விடும் என்றார். அது பாதிக் காரணம். என் அப்பா இல்லை. அவருக்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாட்டு டாக்டரும் இல்லை. அவர் வந்திருந்தால் அந்த மழையில் ஒரு மெட்டல் டிடெக்டரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நான் நின்றிருக்க மாட்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. தொரப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரிடம் ஒரே ஒரு கறவை மாடு இருந்தது. ஆடி முடிவதற்குள் அது செத்துப்போனது. தீவனத்தைத் தொடவில்லை, முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, இறக்கத்தில் நடக்கும்போது முனகியது. மூன்று முறை கஷாயம் கொடுத்தார்கள். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டார்கள். குழி வெட்டுவதற்கு முன்னால் டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்து, கையுறைக் கையால் ஒரு பொருளைக் கழுவி எடுத்து எங்களிடம் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு கட்டுக்கம்பி. துருப்பிடித்து, ஒரு முனை ஊசியாகத் தேய்ந்திருந்தது.

"மாடு மென்னு தின்னாது. அப்பிடியே முழுங்கும். கம்பி முன்வயித்துல தங்கிடும். அங்கருந்து இதயம் கை தொடற தூரம்," என்றார் அவர்.

அத்தை அழவில்லை. "இது எந்தக் கம்பெனிக் கம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தால்கூடச் சொல்லியிருக்க முடியாது. நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு கம்பெனியில்தான். டிப்ளமோ முடித்து, எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாகச் சான்றிதழ் என்று ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகு, தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். தலைமுடியில் பாதி கூடினாலும் குறைந்தாலும் ஒரு பாகத்தைத் தள்ளிவைப்பது என் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிக்குள் ஒரு இரும்புத் தூசு விழுந்தால் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, லாரிகள் திரும்பும் இடத்தில், புல்லுக்குள் கிடக்கும், லேத்தில் சீவிய இரும்புச் சுருளையும் கட்டுக்கம்பியையும் தரம் பார்க்க யாரும் இல்லை. அந்தப் புல்லைத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அறுத்துத் தலையில் சுமந்து வருகிறார்கள். வேறு புல் எங்கே இருக்கிறது?

மாட்டின் நெஞ்சுக்கடியில் வைத்துப் பார்த்தால் உள்ளே இரும்பு இருக்கிறதா என்று கருவி சொல்லும் என்று டாக்டர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அவருடைய ஆஸ்பத்திரியில் இருந்தது பழுதாகிக் கிடந்தது. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் விற்கும் தெருவில் நான் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். புதையல் தேடுகிறவர்கள் தூக்கிக்கொண்டு அலையும் வகை. நீளமான ஒரு கம்பு, அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டு, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. வட்டு இரும்பை உணர்ந்தால் பெட்டி கத்தும்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, "மூணு வருசம் ஃபீசு கட்டிப் படிக்க வெச்சது மாட்டு வயித்துல ரேடியோ கேக்கறதுக்காடா?" என்றார். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெயரே 'ரேடியோ' என்று ஆனது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டுப் பத்து வீட்டு மாடுகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கத்தியது. சிரித்த இருவரில் ஒருவருடைய மாடும் அதில் ஒன்று.

அந்த மெஷினுக்கு ஒரே பகை தண்ணீர். வட்டு நனைந்தாலும் தாங்கும், பெட்டி தாங்காது. ஒலி வருவதற்காக அதன் நெற்றியில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. ஓசூர்ச் சாரல் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெய்கிறது என்றே தோன்றாது, ஆனால் சட்டை ஈரமாகியிருக்கும். அப்படி ஒரு சாரலில் ஒரு முறை பெட்டிக்குள் ஈரம் இறங்கி மெஷின் ஊமையாகிவிட்டது. செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரர் அதைத் திறந்து, காய வைத்து, எதையோ சுரண்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். "இன்னொரு வாட்டி தண்ணி போச்சுன்னா என்கிட்ட கொண்டாராத. போர்டு அவ்ளோதான்," என்றார்.

அத்தை இன்னொரு மாடு வாங்கப் போகிறேன் என்றபோது மாமா வேண்டாம் என்றார். "இதுவும் செத்தா? திரும்பக் கடன் வாங்கி, திரும்பக் குழி வெட்டறதா?" மாமா கெட்டவர் அல்ல. பயந்திருந்தார். அத்தையும் பயந்துதான் இருந்தார். ஆனால் தொழுவம் காலியாகக் கிடப்பதை விடியற்காலையில் பார்க்க முடியவில்லை என்றார். பால் சொசைட்டிக்கு மற்ற பெண்கள் கேனோடு போகும்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு வாட்டி வாங்குவேன். உள்ள என்ன இக்குதுன்னு தெரிஞ்சு வாங்குவேன். ரேடியோ, நீ வா," என்றார். அவர் வாயில் அந்தப் பெயர் எனக்கு வலிக்கவில்லை.

சந்தைக்குக் கிளம்பும்போதே வானம் மூடியிருந்தது. நான் தயாராகத்தான் இருந்தேன். எங்கள் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்கைச் சுற்ற ஒரு வெள்ளித் தாள் வரும். கனமாக, பளபளவென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர் இருக்கும் எந்த வீட்டைப் பார்த்தாலும் அந்தத் தாள் இருக்கும். வண்டி சீட்டுக்கு, தண்ணீர்த் தொட்டி மூடிக்கு, ஓட்டு வீட்டின் ஒழுகலுக்கு, ஒருமுறை கல்யாணப் பந்தலுக்குக்கூட. நான் மெஷினை வட்டிலிருந்து பெட்டி வரை அந்தத் தாளில் சுருட்டி, டேப்பு ஒட்டினேன். கல்யாணப் பெண் மாதிரி மின்னியது.

"ஏன் குரு, ராக்கெட்டா?" என்றார் டிரைவர். பாகலூர்ப் பக்கத்துக்காரர், பாதி கன்னடத்தில் பேசுகிறவர்.

"மழைச்சட்டை," என்றேன். அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

சந்தைக்குள் நுழையும்போது சாரல் மழையானது. சாணியும் சேறும் ஒன்றாகிக் கணுக்கால் வரை ஏறின. மாடுகள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன. தரகர் எங்களைக் கண்டதும் வந்தார். தோளில் துண்டு, கையில் கறுப்புக் குடை. அத்தையைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஊட்டுக்காரர் வல்லீங்களா?" என்றார்.

"நான்தான் வாங்கறேன்," என்றார் அத்தை.

"சரிம்மா, வாங்குங்க. ஆனா பேச்சு ஆம்பளகிட்டதான் பேசுவோம்." அவர் கடுப்பாகச் சொல்லவில்லை. நாளைக்கும் மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

எல்லைக்கார வியாபாரியிடம் அழைத்துப் போனார். அத்தையின் கண் முதல் பார்வையிலேயே ஒரு மாட்டில் விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ரெண்டாம் ஈத்து, மடி அகலமாக இறங்கியிருந்தது. வியாபாரி உற்சாகமாகப் பல்லைப் பிடித்துக் காட்டினார், சுழி காட்டினார், காம்பைப் பீய்ச்சிக் காட்டினார். "மஞ்சி ஆவு, நல்ல மாடு அக்கா. குழந்த மாதிரி," என்றார். இதெல்லாம் சந்தையில் எப்போதும் காட்டுவது. மாட்டுக்கு வெளியே இருப்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நான் மெஷினைப் போட்டேன். போட்ட உடனே கத்தியது.

மாட்டுக்குப் பக்கத்தில் போகவே இல்லை, அதற்குள் கத்தியது. நெஞ்சுக்கடியில் கொண்டுபோனேன், கத்தியது. பக்கத்து மாட்டிடம் கொண்டுபோனேன், கத்தியது. அதற்கும் அடுத்த மாடு, ஓரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி, ஒரு வெள்ளாடு. எல்லாவற்றுக்கும் தொண்டை கிழியக் கத்தியது. கூட்டம் கூடிவிட்டது.

"சார், அந்தக் கன்னுக்குட்டி நேத்துப் பொறந்தது. தாய் வயித்துலயே இரும்பு தின்னிருக்கும் போல!" என்றார் ஒருவர்.

"மெஷினுக்குச் சளி புடிச்சிக்கிச்சு. தைலம் தேயிங்கப்பா," என்றார் இன்னொருவர்.

தரகர் சத்தமாகச் சிரித்தார். "மழையில மெஷின் பொய் சொல்லும்னு நான் அப்பவே நெனச்சேன். தம்பி, இதெல்லாம் ஏர்போர்ட்டுல வெச்சுக்க. இங்க மாடு நிக்குது."

வியாபாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "என் மாட்டு மானத்த வாங்கறியே! இன்னி காலைலருந்து ஒரு வியாபாரம் ஆவல. போப்பா, தூரம் போ," என்றார். அவர் கோபம் நியாயம். மாட்டின் பக்கத்தில் ஒரு கருவி கத்தினால் அதை வாங்க யார் வருவார்கள்?

அத்தை என்னைப் பார்த்தார். "என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் தொழுவம், கேன், மாமாவின் பயம் எல்லாம் இருந்தன. நான் வண்டி வரை திரும்பி நடந்தேன். வட்டை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன். மேலே மேகம் மட்டும்தான். காற்று அடித்தது, தாள் படபடத்தது, மெஷின் கத்தியது. காற்று நின்றபோது சத்தம் குறைந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாளின் நடுவில் அலுமினியம் ஓடுகிறது. உள்ளே வரும் ஒவ்வொரு சுருளின் தகட்டுக் கனத்தையும் நானே அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரும்பு தேடும் கருவியை உலோகத்தில் சுற்றி மாட்டுச் சந்தைக்குக் கொண்டு வந்திருந்தேன்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்படியே பார்க்கலாம். ஆனால் மழை. பெட்டி நனைந்தால் இன்றைக்குப் பிறகு மெஷினே கிடையாது. அத்தைக்கும் கிடையாது, ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்பா வாசலில் நின்று கேட்கப்போகும் கேள்வியும் காதில் விழுந்தது. அந்தக் கேள்விக்காகவே போக மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

உலோகமே இல்லாத ஒரு மறைப்பு வேண்டும். தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், எங்கள் ஊர்களில் அது எவ்வளவு அரிது என்று. குடையில் கம்பி. என் மழைக்கோட்டில் ஜிப்பும் பொத்தானும். பக்கத்துக் கடைத் தார்ப்பாயில் ஓரம் முழுக்கத் தகரக் கண்கள். கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு பை கொடுத்தார், அதன் வாயில் ஸ்டேப்ளர் பின் வரிசையாக அடித்திருந்தது. எதைத் தொட்டாலும் ஓர் இரும்புத் துண்டு. மாடுகள் முழுங்காமல் என்ன செய்யும்?

கடைசியில் வண்டிக்குள் உட்கார்ந்து தலையைச் சாய்த்தபோதுதான் கவனித்தேன். டிரைவர் சீட்டின் மேல் ஒரு கனத்த கண்ணாடி ஷீட்டு விரித்திருந்தது. ரோஜா வளர்க்கும் கூடாரங்களுக்கு மேலே போடும் பாலிதீன். பாகலூர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் அதுதான். ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பின் இல்லை, ஒரு தகரக் கண் இல்லை.

"இது வேணும்ணா."

"ஏ, பேடா பேடா! வேணாம்பா, சீட்டு நனைஞ்சா நான் எதுல உக்கார்றது?"

"வெலைக்குக் குடுங்க."

"இப்ப நீ வெலைக்குக் கேட்டா நான் வெல சொல்லித்தான் ஆவணும்," என்றார், உடனே முகம் மலர்ந்து. சொன்ன விலை புது ஷீட்டுக்கு மேல் இருந்தது. பேரம் பேச எனக்கு நேரமில்லை. அதை அத்தைதான் பிறகு பாதியாக்கினார்.

வெள்ளித் தாளை உரித்துப் போட்டு, பெட்டியைத் துடைத்து, ஷீட்டை இரண்டாக மடித்துக் கூம்பாகச் சுற்றி, கயிற்றுக் கடையில் கேட்டு வாங்கிய சணலால் கட்டினேன். வட்டை வெளியே விட்டேன், அது நனையட்டும். பெட்டியின் விளக்கு ஷீட்டுக்குள்ளிருந்து தெரிந்தது. டிரைவர் தன் பங்குக்கு என்னையும் மெஷினையும் சுற்றிவந்து பார்த்து, "இப்போ ரெண்டு பேருக்கும் காய்ச்சல் வராது," என்றார். நான் தலை முதல் கால் வரை நனைந்திருந்தேன்.

திரும்பிப் போனபோது தரகர் விடவில்லை. "மறுபடியுமா? வேணாம் தம்பி. ஒருதரம் பொய் சொன்னது மறுதரமும் சொல்லும்."

"பொய்யான்னு நீங்களே பாருங்க. எதையாச்சும் ஒளிச்சு வைங்க. கண்டுபிடிக்கும்."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள்கூட வந்தார்கள். லாடம் அடிக்கிறவரிடமிருந்து ஓர் ஆணி வந்தது. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். வியாபாரி மாடுகளுக்குப் போட்டிருந்த ராகிப்புல் கட்டுகள் ஐந்தாறு கீற்றுக்கொட்டகைக்கடியில் கிடந்தன. அதில் ஒன்றுக்குள் தரகர் ஆணியைச் செருகினார். நான் திரும்பினேன். கட்டுகளின் மேல் வட்டை மெதுவாக ஓட்டினேன். முதல் கட்டு, மௌனம். இரண்டாவது கத்தியது. தரகரின் முகம் இறுகியதைப் பார்த்தேன், சரியான கட்டு என்று தெரிந்தது. ஆனால் நான் நிறுத்தவில்லை, மீதியையும் பார்த்தேன். நாலாவது கட்டும் கத்தியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" தரகர் துண்டை உதறினார். "ஒரு ஆணி வெச்சேன். இது ரெண்டு சொல்லுது! பொய்தான?"

சிரிப்பு அலையாக வந்தது. ஆனால் வட்டை எடுத்துத் திரும்ப வைத்தேன், அதே இடத்தில் அதே சத்தம். ஷீட்டு அசையவில்லை, காற்று இல்லை. "கட்ட அவுத்துப் பாருங்கண்ணா," என்றேன்.

"எதுக்கு அவுக்கறது? நான் அதுல ஒண்ணும் வெக்கல."

"நீங்க வெக்கல. அவுத்துப் பாருங்க."

தரகர் நகரவில்லை. அத்தைதான் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாலாவது கட்டின் முடிச்சை அவிழ்த்தார். புல்லை உதறி உதறிப் பிரித்தார். கடைசிக் கைப்பிடியில் அது இருந்தது. ஒரு கட்டுக்கம்பி, விரல் நீளம், ஒரு முனை வளைந்து. அத்தை அதை உள்ளங்கையில் வைத்து எழுந்து நின்று, ஒருவர் ஒருவராகக் காட்டினார். டாக்டர் எங்களுக்குக் காட்டிய மாதிரியே.

வியாபாரிதான் முதலில் பேசினார். "அரே, நான் வெளியில வெலைக்கு வாங்கின புல்லு அது. என் ஊட்டு மாட்டுக்கும் இதுதான போட்டேன்..." இரண்டு பேர் தங்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் மறுகோடிக்குப் போனார்கள். மூன்று பேர், "தம்பி, அப்பிடியே என்னுதையும் ஒரு வாட்டி பாத்துடேன்," என்று வந்தார்கள்.

முதலில் அத்தையின் மாடு என்றேன். கறுப்பு வெள்ளை மாட்டின் இடதுபக்கம் குனிந்தேன். முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், நெஞ்சுக்கடியில் வட்டை வைத்தேன். மாடு திரும்பி என் ஈரத் தலையை ஒரு முறை நக்கியது. மெஷின் கத்தியது. வட்டை எடுத்தேன், நின்றது. வைத்தேன், கத்தியது. எத்தனை முறை வைத்தாலும் அதே இடத்தில்.

அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "வேற மாடு பாக்கலாம் அத்தே," என்றேன்.

"வேறது எல்லாம் சுத்தமா இக்குமா?"

பார்த்தேன். வியாபாரியிடம் இருந்தவற்றில் ஒன்று மட்டும் மௌனமாக இருந்தது. அது வற்றிய கிழ மாடு. பால் பார்த்து மூன்று வருடமாவது இருக்கும்.

அத்தை திரும்பிக் கறுப்பு வெள்ளை மாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "டாக்டர் காந்தம் போடறது பத்திச் சொன்னாரில்ல?"

சொன்னார். விரல் அளவுக்கு ஒரு காந்தத்தை மாட்டின் தொண்டைக்குள் இறக்கினால் அது போய் முன்வயிற்றில் தங்கிவிடும். கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குத்த விடாது. முந்திக் கண்டுபிடித்தால் மாடு பிழைக்கும். நம்முடையதைப் பிந்திப் பார்த்தோம் என்று குழிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

"மாடு சாணி போடுது, அசை போடுது, முதுகு வளையல. இன்னும் குத்தல," என்றார் அத்தை. "இரும்பு தின்னாத மாடு வேணும்னா நான் இமயமலைக்குத்தான் போவணும். இதையே வாங்கறேன். ஆனா இரும்போட சேத்து வெல சொல்லச் சொல்லு."

தரகர் சமாளித்துக்கொண்டு அருகில் வந்தார். அவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டுமே. வழக்கப்படி துண்டை விரித்து என் கையைப் பிடித்து அதற்குள் இழுத்தார். துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்தும் மடக்கியும் விலை சொல்வது இங்கே முறை. பார்க்கிறவர்களுக்கு எவ்வளவுக்கு முடிந்தது என்று தெரியக் கூடாது. அவர் என் மூன்று விரலை அழுத்தினார், பிறகு சுண்டுவிரலை இரண்டு முறை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வாழ்க்கையில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

"அவனுக்குத் தெரியாது," என்றார் அத்தை. "எனக்குத் தெரியும். எங்க அண்ணன் பண்றதப் பாத்திருக்கேன்." தன் கையைத் துண்டுக்கு நேராக நீட்டினார்.

தரகர் தீ பட்டது போல இழுத்துக்கொண்டார். "ஏம்மா! பொம்பள கைய நான் எப்பிடிப் புடிக்கறது? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பால் கறக்கறது இந்தக் கை. சாணி அள்ளறது இந்தக் கை. செத்த மாட்டுக்கு மண்ணு போட்டதும் இதுதான். வெல பேச மட்டும் கூடாதா?"

"மொற இல்லம்மா."

"சரி, மொறைய நீங்களே வெச்சுக்கங்க. நான் வாயாலயே சொல்றேன்." அத்தை வியாபாரியைப் பார்த்துத் திரும்பினார். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னார். "நாப்பத்தாறாயிரம்! உள்ள கம்பி இக்குதுன்னு தெரிஞ்சே கேக்கறேன். குடுப்பியா?"

சந்தையில் விலையை இப்படிக் கூவிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சுற்றியிருந்த எல்லோருடைய வியாபாரமும் நின்றது. "அந்த மாடு நாப்பத்தாறுன்னா என்கிட்ட இதுக்கு எப்பிடி அறுபது சொன்ன?" என்று ஒருவர் தன் தரகரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தரகர் தலையில் கை வைத்தார். "அய்யோ, வாய மூடும்மா, எல்லாரு பொழப்பும் போவுது!"

"குடுப்பியா, மாட்டியா?" அத்தை இன்னும் சத்தமாகக் கேட்டார்.

வியாபாரி ஐம்பத்திநாலாயிரம் எதிர்பார்த்தவர், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த மெஷினைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இனி அந்த மாட்டை வேறு யாரிடமும் கொண்டுபோக முடியாது. ஆனால் அவர் சிரித்துவிட்டார். "இஸ்தானு அக்கா, குடுக்கறேன். ஒரு கண்டிஷன். உன் மருமகன் என் மாடு எல்லாத்தையும் இன்னொரு வாட்டி நிதானமா பாத்துச் சொல்லணும். ஊட்டுக்குப் போற வழியில நானும் காந்தம் வாங்கிக்கறேன்." எனக்கும் அத்தைக்கும் உறவு என்ன என்று அவர் சரியாகத்தான் கணித்திருந்தார்.

பார்த்துச் சொன்னேன். அவருடையதோடு, கேட்டு வந்த மற்றவர்களுடையதையும். மதியம் வரை மழை விடவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் ஷீட்டை விலக்காமல் மேலேயே துடைத்தேன். சணலை இறுக்கினேன். ஓட்டைகள் இருந்த பக்கத்தை என் நெஞ்சைப் பார்த்தே வைத்திருந்தேன். இரும்பு இருக்கிறது என்று சொன்னபோது சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருவர், "கம்பெனிக்காரன் நீ, இரும்ப நீயே போட்டுட்டு நீயே தேடறியா?" என்று கேட்டார். நான் அடுத்த மாட்டின் நெஞ்சுக்கடியில் வட்டை வைத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை.

மறுநாள் டாக்டர் ஒரு குழாயை மாட்டின் வாய்க்குள் விட்டுக் காந்தத்தை இறக்கினார். மாடு ஒரு முறை தலையை உதறி முழுங்கியது. இப்போது அதன் நெஞ்சில் மெஷினை வைத்தால் முன்னைவிட மூன்று மடங்கு கத்துகிறது, காந்தத்துக்காக. அது தின்கிறது, கறக்கிறது, இறக்கத்தில் முனகாமல் இறங்குகிறது. அத்தை கேனோடு சொசைட்டிக்குப் போகிறார். அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. எங்கள் கம்பெனிச் சுவருக்கு வெளியே கிடப்பதைப் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். அது தரப் பிரிவின் வேலை இல்லை என்று பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினேன். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

சந்தையிலிருந்து மாட்டை இறக்கிக் கட்டிய அன்று சாயங்காலமே மாமா ஷிப்ட் முடிந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொழுவத்து வாசலில் நின்றார். மாட்டைப் பார்த்தார். உள்ளே கம்பி இருக்கிறது என்று அத்தையே முதலில் சொன்னார். நாளைக் காலை காந்தம் போடப்போவதையும் சொன்னார். மாமா ஒன்றும் திட்டவில்லை. மாட்டின் நெற்றியில் கை வைத்தபடி, "எல்லாம் சேத்து எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார்.

மாட்டு விலையோடு, காந்தத்துக்கு எடுத்துவைத்திருந்ததையும், தரகர் முறைத்துக்கொண்டே வாங்கிப்போன தரகுக் கூலியையும், வண்டி வாடகையையும், புதுக் கயிற்றையும், டிரைவரின் சீட்டு ஷீட்டையும் சேர்த்து அத்தை சொன்னார்: நாற்பத்தொன்பதாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.